அனுஷ நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை

நடிக்காத நடிகனாக மூன்று வருடம் உலகம் சுற்றினேன். எங்கள் ஊரில் இதை யாரும் நம்புவதில்லை. திருத்தணி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் நேராகவே கேட்டார்: "நடிக்காம சும்மா குந்தினு இருக்கறதுக்கு வெள்ளக்காரன் சம்பளம் குடுக்கறானா? யார்கிட்ட கதை வுடற?"

கொடுக்கிறான். பெரிய நாடகக் கம்பெனிகளில் அதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள். முக்கிய வேடம் போடுபவருக்கு உடம்பு முடியாமல் போனால் அன்றைக்கே மேடையேற இன்னொருவன் தயாராக இருக்க வேண்டும். வசனம் முழுவதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது, எந்தக் கையில் கரண்டியைப் பிடிப்பது எல்லாம் அத்துப்படியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு மரியாதையான பெயர் ஒன்று உண்டு. நான் டீக்கடைக்காரரிடம் ஸ்டெப்னி என்று சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்ப வண்டி பஞ்சரானாத்தான் உனக்கு வேல" என்றார். ஆமாம் என்று டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

கம்பெனி இங்கிலாந்தைச் சேர்ந்தது. ஒரே நாடகத்தை லாரிகளிலும் கப்பலிலும் ஏற்றிக்கொண்டு நாடு நாடாகப் போவார்கள். எங்கள் நாடகம் ஒரு பழைய சரக்குக் கப்பலில் நடப்பது. பல தேசத்து மாலுமிகளுக்கு நடுவில் நம் பக்கத்துச் சமையல்காரன் ஒருவன். எல்லாருக்கும் அவன் பரிமாறுவான், நீ சாப்பிட்டாயா என்று அவனை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்த வேடத்துக்குச் சென்னையிலும் கொச்சியிலும் ஆள் தேடினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் சென்னையில் சின்னக் குழுக்களில் நடித்துக்கொண்டிருந்த நான் கடைசிச் சுற்றுவரை போனேன். வேடம் ஒரு மலையாளிக்குப் போனது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சேட்டன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எனக்கு அவருடைய ஸ்டெப்னி வேலை கிடைத்தது. அவர் என்னைவிட நல்ல நடிகர். இதை எழுதும்போது இப்போதும் கொஞ்சம் வயிறு எரிகிறது.

அந்த வாழ்க்கை எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தனிமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் கேட்பவர்கள் உடனே பனியையும் வெள்ளைக்காரர்களையும் நினைத்துக்கொள்கிறார்கள். பனி ஒன்றும் செய்யவில்லை. காட்சி தொடங்க அரை மணி இருக்கும்போது மேடை மேலாளர் என் அறைக் கதவைத் தட்டுவார். உயரமான ஆங்கிலேயப் பெண்மணி, மிகவும் நல்லவர். தலையை மட்டும் உள்ளே நீட்டி, "அவர் வந்துவிட்டார், நன்றாக இருக்கிறார்" என்பார். நீ இன்று வேண்டாம் என்பதைத்தான் அவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார். நான் மகிழ்ச்சி என்பேன். மூன்று வருடமும் இருவரும் இதே வசனத்தைத்தான் பேசினோம். நான் பேசிய முக்கியமான வசனம் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கும் ஒரு சட்டை தைத்திருந்தார்கள். எண்ணெய்க் கறை, அடுப்புக்கரி எல்லாம் சாயத்தால் தீட்டி, பத்து வருடம் அடுப்படியில் கிடந்ததுபோல் ஆக்கிய சமையல்காரன் சட்டை. ஒவ்வொரு ஊரிலும் பெட்டியிலிருந்து அதை எடுத்து இஸ்திரி போட்டு, என் அறைக் கொக்கியில் மாட்டுவார்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போது மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். அவ்வளவு அழுக்காகத் தெரியும் அந்தச் சட்டையில் என் வியர்வை ஒரு சொட்டுக்கூடப் பட்டதில்லை. காட்சி நடக்கும்போது மேடையில் பேசுவதெல்லாம் அறையிலிருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் கேட்கும். நான் அதோடு சேர்ந்து வாய்க்குள் பேசிக்கொண்டிருப்பேன். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது எனக்கு என் மூச்சைவிட நன்றாகத் தெரியும். லேசாக அவர் கமறினாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அடுத்த வரியில் தொண்டை சரியாகிவிடும். எனக்கு நிம்மதியாக இருக்கும், கூடவே எரிச்சலும் வரும். எது முதலில் வரும் என்று கேட்காதீர்கள்.

கடைசியில் எல்லாரும் கைகோத்துக் குனிந்து வணங்கும்போது நான் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று கைதட்டுவேன். நடிகர்கள் வியர்த்து விறுவிறுத்து, பிறந்த குழந்தைகள்போல் முகம் சிவந்து வெளியே வருவார்கள். எங்கேயாவது போய்ச் சாப்பிடலாம் என்று என்னையும் கூப்பிடுவார்கள். போனால் அன்றைக்குக் கைதட்டல் எந்த இடத்தில் வந்தது, யார் எந்த வரியை விழுங்கினார் என்பதுதான் பேச்சு. நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு வருவேன். சீக்கிரமே போவதை நிறுத்திவிட்டேன். மேடைத் தச்சர்களோடும் ஒட்டவில்லை. அவர்களுக்கு நான் நடிகன், நடிகர்களுக்கு நான் யார் என்று எனக்கே தெரியாது.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் பக்தர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் அம்மா அறை துடைக்கும் வேலை செய்கிறாள். அப்பா போனபிறகு சேர்ந்தவள், இன்றும் விடவில்லை. சனி, ஞாயிறு, கிருத்திகை, ஆடி மாதம் என்றால் லாட்ஜில் மூச்சுவிட நேரம் இருக்காது. நாடகங்கள் நடப்பதும் சனி, ஞாயிறுதான். அதனால் நான் சென்னையில் நடித்த ஒரு நாடகத்தையும் அம்மா பார்த்ததில்லை. ரயிலேறினால் வந்துவிடும் தூரம். "அடுத்த தபா வரேன் நைனா" என்பாள். அடுத்த தபாவும் சனிக்கிழமையாகவே வந்து தொலைக்கும்.

வெளிநாட்டிலிருந்து நான் வீடியோவில் கூப்பிட்டால் அம்மா முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, அறையை.

"சுத்திக் காட்டு. ஆங்... பெட்ஷீட்டு தெனம் மாத்தறாங்களா?"

"சொன்னாத்தாம்மா மாத்துவாங்க."

"சொல்லாத. அந்தப் பொண்ணுங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சிடும். பாத்ரூம்ல முடி கிடி வுடாத."

நான் போன ஊர்களில் எல்லாம் ஹோட்டல் படுக்கையை நானே சரிசெய்துவிட்டுத்தான் கிளம்புவேன். அறை துடைக்க வரும் பெண்கள் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தார்கள்.

சேட்டனும் அம்மாவும் பழகியது இந்த வீடியோவில்தான். ஒருநாள் காலை உணவுக்கு அவரோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள். அவர் போனை வாங்கி, மலையாளம் கலந்த தமிழில் வணக்கம் சொன்னார். அதற்கப்புறம் அம்மா வாரம் ஒருமுறையாவது அவரைக் கேட்பாள். அவருக்கு அம்மா கிடையாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார்கள். சில நாட்களில் இருவரும் பேசி முடிக்கும்வரை நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்தில் காத்திருப்பேன். காத்திருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

முதல் வருட முடிவில் அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அந்த மலையாளத் தம்பி இன்னா நட்சத்திரம்?"

அவருக்கு முடியாமல் போனால்தான் எனக்கு வேடம் என்று அம்மாவிடம் விவரமாகச் சொல்லியிருந்தேன். அவர் பேருக்கு முருகனிடம் ஏதாவது ஏடாகூடமாக வேண்டிக்கொள்ளப் போகிறாளோ? பயந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நாள் சளி பிடித்தால் என்ன, யார் செத்துவிடப் போகிறார்கள்? மறுநாள் பேச்சோடு பேச்சாக அவரிடமே கேட்டேன். மலையாளிகளுக்குப் பிறந்த தேதி மறந்தாலும் நட்சத்திரம் மறக்காது. அனிழம் என்றார், நம் அனுஷம். அம்மாவிடம் சொன்னேன்.

பல மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. கிருத்திகைக் கூட்டம் வடிந்த மறுநாள் அம்மா மலையேறுவாள். அன்று எனக்கு ஓர் அர்ச்சனை, அவருக்கு ஓர் அர்ச்சனை.

"அவருக்கு எதுக்கும்மா?"

"இன்னாடா இப்டிக் கேக்கற? ஒடம்பு நல்லா இருக்கணும்னுதான். அதுக்கு எதுனா ஆயிட்டா அம்மாம் பெரிய வேசத்தப் போட்டுகினு நீ இல்ல கஷ்டப்படுவ? அது நல்லா இருந்தாத்தான் நீ நிம்மதியா இருப்ப."

மூன்று வருடத்தில் அந்த மனிதர் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. உடன் நடித்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் காய்ச்சலில் விழுந்தபோதும் அவர் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி நின்றார். கம்பெனியில் அதை ஓர் அதிசயம் என்று பேசிக்கொண்டார்கள். முருகன் வேறு வேலையே இல்லாமல் அவர் தொண்டையைக் காத்துக்கொண்டிருந்த கதை எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதை நிறுத்தச் சொல்லி எப்படிக் கேட்பது?

அடுத்த ஆறு மாதத்துக்கான ஊர்களை அறிவித்தார்கள். கடைசி ஊர் சென்னை. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மா ஒருமுறை, ஒரே ஒருமுறை என்னை மேடையில் பார்க்க வேண்டும். அந்தக் கம்பெனியில் நான் நின்றதற்கு அதற்குமேல் ஒரு கூலி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சிங்கப்பூரில் மேடை மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். சென்னையில் ஒரு காட்சி மட்டும் எனக்குத் தர முடியுமா என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விளம்பரம் முழுக்க சேட்டனின் முகம்தான், அவரைப் பார்க்கத்தான் சீட்டு வாங்குகிறார்கள், மன்னித்துவிடு என்றார். சேட்டனிடம் நான் கேட்கவில்லை. அதற்குத் தடையாக இருந்தது வறட்டு கௌரவம்தான்.

ஆனால் அவர் காதுக்குப் போய்விட்டது. சென்னைக்கு வந்து இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, ஹோட்டலில் இட்லியைச் சாம்பாரில் முக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "நாளைக்கு எனிக்குப் பனி." மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நான் நிமிர்ந்து பார்த்தேன். "நாளை மாலை மட்டும். ஞாயிற்றுக்கிழமை சரியாயிடும். அம்மாவைக் கூப்பிடு." அவ்வளவுதான். அடுத்த இட்லிக்குப் போய்விட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சட்னி காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று மதியம் அரங்கத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். மற்ற ஊர்களில் என்றால் நான் தமிழில் என்ன பேசினாலும் யாருக்கும் புரியாது. இங்கே விளக்கு கட்டுபவர், திரை இழுப்பவர் எல்லாம் நம்மூர்க்காரர்கள். இது நாடகம் என்று ஒருவருக்குத் தெரிந்தாலும் சேட்டனுக்குத்தான் கெட்ட பெயர். அதனால் அம்மாவிடமும் அதே கதையையே சொன்னேன்.

"அம்மா, அவருக்கு ஜொரம். நாளைக்கு அவருக்குப் பதிலா நான்தான் நடிக்கறேன். மத்தியான ரயில்ல கெளம்பி வந்துடு."

"ஐயையோ. ரொம்பவா?"

இங்கேதான் கெட்டது. ரொம்பவெல்லாம் இல்லை, சாதாரண ஜுரம் என்று சொல்லியிருந்தால் போதும். மூன்று வருடமாக நடிக்காமல் கிடந்தவனுக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது, எதிரில் ஓர் ஆளும் கிடைத்துவிட்டது. குரலைத் தாழ்த்தினேன். ஒரு பெருமூச்சு விட்டேன். "நெருப்பா கொதிக்குதும்மா. ராத்திரிலேர்ந்து கண்ணே தெறக்கல" என்றேன். கூரையில் விளக்கு கட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கீழே குனிந்து பார்த்தார். என் நடிப்பு எனக்கே பிடித்திருந்தது.

"சரி, வரேன்" என்றாள் அம்மா. லாட்ஜ் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் சனிக்கிழமைக்கு லீவு வாங்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு எந்த இருக்கை என்பதை நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். நாடகத்தில் ஓர் இடம் வரும். புயலில் மூன்று நாள் பட்டினி கிடந்தபிறகு சமையல்காரன் கடைசி அரிசியில் கஞ்சி காய்ச்சுவான். அரங்க விளக்குகள் லேசாக எரியும். அவன் மேடையை விட்டு இறங்கி வந்து, மூன்றாம் வரிசையில் நடைபாதை ஓரம் இருப்பவரிடம் முதல் கிண்ணத்தைக் கொடுத்து, ஆங்கிலத்தில் "முதலில் நீங்கள்" என்பான். கிண்ணத்தில் வெறும் சுடுதண்ணீர்தான். எத்தனையோ நாடுகளில் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்கள் அதை இரு கையாலும் வாங்கிக்கொள்வதைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அது அம்மாவின் இருக்கை. முதலில் நீங்கள் என்பதைத் தமிழில் சொல்வது என்றும் தீர்மானித்துவிட்டேன். யார் என்ன சொன்னாலும் சரி.

சனிக்கிழமை மேடை மேலாளர் வழக்கம்போலக் கதவைத் தட்டினார். தலையை மட்டும் நீட்டாமல் உள்ளே வந்து, "இன்று நீ" என்றார். அவருக்கு உண்மை தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் எதையும் காட்டவில்லை.

ஊர் ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்ட ஒரு பெண் சென்ட்ரல் ஸ்டேஷனில் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். ரயில் வந்ததும் போன் செய்தாள். "சார், அம்மா எறங்கலீங்க. அடுத்த வண்டி வரைக்கும் பாக்கறேங்க." அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அரக்கோணத்தில் சிக்னல் விழாமல் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வண்டி வரும் நேரமாயிற்று. அதற்குள் என் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஒருநாளும் உடம்பு படாத துணி என்பதால் கழுத்தில் குத்தியது.

நன்றாகத்தான் நடித்தேன். அடக்கமாகச் சொல்ல விரும்பவில்லை, நன்றாகவே நடித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் செருமக்கூட இல்லை. கஞ்சிக் காட்சி வந்தது. விளக்குகள் எரிந்தன. கிண்ணத்தோடு இறங்கிப் போனேன். மூன்றாம் வரிசை ஓரத்து இருக்கை காலியாக இருந்தது.

அந்த இடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் காட்சி விழுந்துவிடும். நான் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாளிடம் கிண்ணத்தை நீட்டி, "மொதல்ல நீங்க" என்றேன். அவர் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டார். தண்ணீர் கொஞ்சம் அவர் புடவையில் சிந்தியது. காட்சி முடிந்தபிறகு, அந்த இடத்தில் காலி நாற்காலியைப் பார்த்து நீ நின்றாயே, அற்புதம், எங்கிருந்து பிடித்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள்.

கைதட்டல் நீண்ட நேரம் நீடித்தது. மூன்று வருடமாகக் காத்திருந்த சத்தம். அது என் காதில் விழுந்தது, அதற்கு மேல் உள்ளே இறங்கவில்லை. அறைக்கு வந்ததும் ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"இப்பத்தான் மலையிலேர்ந்து எறங்கினேன் நைனா. போன கீழயே வெச்சிட்டுப் பூட்டேன். தம்பிக்கு எப்டிக் கீது?"

"நீ வரேன்னு சொன்னியே."

"ஸ்டேசன் வரைக்கும் வந்துட்டேன்டா. டிக்கட்டும் வாங்கிட்டேன். மனசு கேக்கல. தாயில்லாப் புள்ள, கண்ணு தெறக்காம ஓட்டல்ல கெடக்குது. நான் போயி சேர்ல குந்தினு நாடகம் பாக்கறதான்னு வண்டிய வுட்டுட்டேன். நேரா மலைக்குப் போயி அனுஷத்துக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு, ராத்திரி பூசை முடியற வரைக்கும் அங்கியே நின்னேன்."

நான் ஈரச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"இன்னா நைனா, கோச்சிகினியா? நீதான் நல்லா கீறியே."

அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோயிருக்கிறது. லாட்ஜின் முதல் மாடிக்கே கம்பியைப் பிடித்துத்தான் ஏறுவாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு மலைப்படி ஏறியிருக்கிறாள். ஜுரம் பொய் என்று அப்போது நான் எப்படிச் சொல்வேன்? அவர் நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். மூன்று வருடம் என் கதவருகில் கேட்ட அதே வசனம்.

ஆனால் அம்மா அதை நம்பவில்லை. மறுநாள் காலை முதல் ரயிலைப் பிடித்து, ஹோட்டல் வாசலில் இருந்து போன் செய்தாள். கையில் ஒயர் கூடை, அதில் மிளகு ரசமும் குழைந்த சோறும் வைத்த தூக்கு. நான் சேட்டனின் அறைக்கு ஓடினேன். அவர் லுங்கியோடு உட்கார்ந்து இரண்டு முட்டை ஆம்லெட்டை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அம்மா வந்திருக்கிறாள் என்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. தட்டைக் குளியலறையில் வைத்தார், தலைமுடியைக் கலைத்தார், போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

அம்மா உள்ளே வந்ததும் வழக்கம்போல முதலில் அறையைத்தான் பார்த்தாள். பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"ஜொரம் வுட்டுப் போச்சு. கண்ணுதான் உள்ள பூட்ச்சு."

உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவர் கண் இமைகளை அப்படி இறக்கி வைத்திருந்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சைத் தோளிலிருந்து எடுத்தார், வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தார், "ஏன் அம்மா இத்தனை தூரம் வந்தீங்க" என்பதைப் பாதியில் விட்டு விட்டுச் சொன்னார். மிகையாக ஒன்றும் இல்லை. அம்மா நேரில் பார்த்த முதல் நடிப்பு அதுதான். அம்மா கோயில் விபூதியைப் பொட்டலத்திலிருந்து எடுத்து அவர் நெற்றியில் பூசி, கண்ணில் விழாமல் இருக்கக் கையைக் குடையாக வைத்து ஊதினாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அது மட்டும் நடிப்பில்லை என்று என்னால் சொல்ல முடியும், அவருடைய நடிப்பை என்னைவிட அதிகம் பார்த்தவன் கிடையாது.

பொறாமையாக இருந்தது. அந்தக் கட்டிலில் நான் படுத்திருக்க வேண்டும் என்று இருந்தது. நாற்பது வயது ஆள், இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ரசச் சோற்றை அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார், அதுவும் ஆம்லெட்டுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அம்மாவுக்கு அரை நாள்தான் லீவு. மத்தியானத்துக்குள் லாட்ஜில் இருக்க வேண்டும். மாலைக் காட்சி வரை இருக்க முடியாது. இருந்தாலும் பார்ப்பதற்கு அதில் நான் இல்லை. ஆட்டோ ஏற்றிவிட வாசலுக்குக் கூட வந்தேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டபின் அம்மா கேட்டாள்: "நேத்து அதுக்குப் பதிலா நீ நடிச்சியே, ஜனங்க ஒத்துக்கினாங்களா?"

"ஆங், ஒத்துக்கினாங்கம்மா."

"பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டியா?" என்று என் கன்னத்தைத் தொட்டாள். "இன்னிக்கி அதுவே எழுந்து நடிக்கும் பாரு. உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நான் நல்லா வேண்டிக்கினு வந்திருக்கேன்."

ஆட்டோ கிளம்பிவிட்டது. அன்று மாலை அரை மணி இருக்கும்போது மேடை மேலாளர் வந்து கதவைத் தட்டி, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.